கப்பல் பாயும் எட்டு வயரும்

உலகத்திலேயே காரில் அதிக நேரம் உட்கார்ந்து, மிகக் குறைந்த தூரம் போன மனிதர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், பரிசை நேராக சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு அனுப்பிவிடலாம். கப்பல் பாய் தன் காரில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்பது வருடத்தில் கார் போன மொத்தத் தூரம் பதினொரு அடி. அதுவும் அவர் ஓட்டிப் போனதல்ல. ஒரு ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்குத் தண்ணீர் வந்தபோது, அது தானாகவே கிளம்பி வேப்பமரத்தடியிலிருந்து மதில் சுவர் வரை மிதந்து போய் நின்றது. மறுநாள் டேப் வைத்து அளந்தவள் நான். அதனால் பதினொரு அடி என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இன்ஜின் அப்போது காருக்குள் இல்லை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பாயின் கடைக்குள் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. கதவு இடுக்குகளுக்கு அவர் வைத்த ரப்பர் பீடிங் அவ்வளவு கச்சிதம். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. தெருவே முழங்கால் தண்ணீரில் கட்டில்மேல் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் பின்சீட்டில் காலை நீட்டி, டிரான்சிஸ்டர் கேட்டபடி மிதந்துகொண்டிருந்தார்.

"பாய், உள்ள தண்ணி வந்துடுச்சா?" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். "கட்டுனது அமெரிக்காக்காரன், தச்சது நானு. எங்கேந்துமா வரும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

கப்பல் என்ற பெயர் அந்த மழைக்கு முன்பே உண்டு. கார் பதினெட்டு அடி நீளம். பின்னால் மீன் வால் மாதிரி இரண்டு துடுப்பு. ஸ்டீயரிங் இடது பக்கம். டிக்கியைத் திறந்தால் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். அறுபதுகளில் செய்த வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்டால் பாய் "அமெரிக்கா" என்பார். எந்த மாடல் என்றாலும் அதே பதில்தான். பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துகளில் மூன்றுதான் மிச்சம்; அவற்றைச் சேர்த்துப் படித்தால் எந்த மொழியிலும் ஒன்றும் வராது.

பாய்க்குத் தொழில் குஷன் வேலை. ஆட்டோ, கார், வேன் எதுவானாலும் சீட்டு தைப்பார். தாடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு, தொப்பியில் எப்போதும் ஒரு வளைந்த ஊசி. என் மொபெட் சீட்டு கிழிந்துபோய்த்தான் நான் முதன்முதலில் அவர் கடைக்குப் போனேன். சீட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பையை எந்தத் தோள்ல மாட்டுற?"

"வலது தோள்ல."

"அதான். சீட்டு எடது பக்கமா அமுங்கிக் கீது. மாத்தி மாட்டு, இல்லாங்காட்டி முப்பது வயசுல முதுவு போய்டும்."

சீட்டைப் பார்த்து ஆளைச் சொல்வது அவருக்குப் பழக்கம். ஒரு பெரிய மனிதரின் காரைப் பார்த்து, "டிரைவர் சீட்டுல முன் ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. எப்பவும் நுனியில உக்காந்து ஓட்டுறாரு. வெளியில மீசை, உள்ள பயம்" என்றார். அந்தப் பெரிய மனிதர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் அவரிடம் வந்ததும் இப்படி ஒரு சீட்டு மூலமாகத்தான். பல்லாவரத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு சோபா அளவெடுக்கப் போயிருக்கிறார். கொட்டகையில் கோழிகள் குடியிருந்த காரைப் பார்த்திருக்கிறார். முன்சீட்டு ஒரே நீளமாக, தடுப்பே இல்லாமல், ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை போவதைக் கண்டதும் சோபாவை மறந்துவிட்டார். "சீட்டுன்னா அது சீட்டுமா! மூணு பேர் சம்மணம் போட்டு உக்காரலாம்!" என்று என்னிடம் சொல்லும்போதுகூட அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த வீட்டு அம்மாவிடம் கோழிகளைவிட சோபாக்கள்தான் அதிகம். பங்களாவின் எல்லா சோபாவுக்கும், எல்லாத் திரைக்கும், கடைசியில் நாய்ப்படுக்கைக்கும் சேர்த்து ஒன்றரை வருடம் தைத்துக் கொடுத்துக் காரை வாங்கிவந்தார். அதைக் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில், வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

இங்கேதான் அவருடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். பழைய காரைச் சீர்செய்பவர்கள் இன்ஜினில் ஆரம்பிப்பார்கள். அல்லது துருவில் ஆரம்பிப்பார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவள்; திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தவள். வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது. கப்பல் பாய் சீட்டில் ஆரம்பித்தார்.

"மொதல்ல மனுசன் உக்கார்ற எடம். ஓடுறதெல்லாம் அப்பால."

முதல் வருடம் மெரூன் சீட்டு. மெரூன் வெயிலில் அடுப்பாகச் சுட்டதால் அடுத்த வருடம் வெள்ளை. வெள்ளை, காரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் குழம்புக்குத் தாங்கவில்லை என்று பிறகு பச்சை. பச்சையில் உட்கார்ந்தால் பஸ் மாதிரி இருக்கிறது என்று மறுபடி மெரூன், ஆனால் பருத்தித் துணியில். நடுநடுவே உள்கூரை, கதவுப் பலகை, தரைவிரிப்பு, கைவைக்கும் திண்டு. ஐந்து வருடத்தில் அந்தக் காரின் உட்புறம் ஒரு அரண்மனை. வெளிப்புறம் ஒரு காயலான் கடை. முன்னால் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அணில்.

ஓடாத அந்தக் காருக்கு அவர் வருடம் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தெருவுக்கு அந்தக் கார் ஒரு பொதுச் சொத்து. கடைக்கு வருகிறவர்கள் அதில் காத்திருந்தார்கள். பிளஸ் டூ படித்த ஒரு பெண் அதன் பின்சீட்டில் உயிரியல் முழுவதையும் மனப்பாடம் செய்தாள். எதிர்வீட்டில் ஒரே அறை. பெண் பார்க்க ஆறு பேர் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா திகைத்து நிற்க, பாய் கார்க் கதவைத் திறந்துவிட்டார். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். பஜ்ஜி ஜன்னல் வழியாகப் போயிற்று. பெண் வெளியே நின்று காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா சீட்டைத் தட்டிப் பார்த்து, "வண்டி பொண்ணு வீட்டோடதா?" என்று கேட்டார்.

"வண்டி என்னுது சார். பொண்ணு அவங்களுது. மாத்தி இட்டுக்கினு போய்டாதீங்க" என்றார் பாய். அந்தக் கல்யாணம் நடந்தது.

கப்பல் பாயின் கடைக்கு ஒட்டினாற்போல் கண்ணாடிக் கடை. அதை நடத்தியவர் கண்ணாடி பாய். இருவரும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே தாடி. ஒரு தாடியில் பஞ்சு இருந்தால் கப்பல்; விரல்களில் பிளாஸ்திரி இருந்தால் கண்ணாடி. மற்றபடி வித்தியாசம் தெரியாது. ஐம்பத்தைந்து வயது வரை இருவருக்கும் இடையில் தீராத வழக்கு ஒன்றுதான்: யார் மூத்தவர்?

கப்பல் பாய்தான் கால் மணி நேரம் முன்னால் பிறந்தவர். "மொதல்ல வந்தவன்தான் மூத்தவன். பஸ்ஸுல சீட்டு யாருக்கு? மொதல்ல ஏறுனவனுக்கு."

கண்ணாடி பாயின் வாதம் வேறு. "மூட்டையில மொதல்ல போட்டது அடியில இருக்கும், கடைசியாத்தான் வெளிய வரும். நான்தான் மொதல்ல உள்ள போனவன்."

"அம்மா வயிறு இன்னா கோணிப்பையாடா?"

"நீ வந்த அவசரத்தைப் பாத்தா, நான்தான் பின்னாடியிருந்து தள்ளி வுட்டிருக்கணும்."

இந்த வழக்கால் தெருவுக்குப் பல கஷ்டம். பள்ளிவாசல் நோட்டீஸில் ஒரு வருடம் இவர் பெயர் மேலே, மறு வருடம் அவர் பெயர் மேலே. 'பெரிய பாய்' என்று யாரும் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் பக்கத்துக் கடையில் ஷட்டர் இறங்கும். கப்பல், கண்ணாடி என்ற பெயர்களே தெரு தன் நிம்மதிக்காகக் கண்டுபிடித்ததுதான்.

கண்ணாடி பாய் அந்தக் காரைத் 'தகரம்' என்பார். ஒன்பது வருடமும் அதன் கண்ணாடியைத் தொட மறுத்தார். "ஓடுறப்போ சொல்லு, தொடைக்கிறேன்."

காலி மனை பால்கார அண்ணாவுடையது. ஒரு காலத்தில் அவர் வீட்டு எருமைகள் கட்டியிருந்த இடம். அவர் வீட்டில் பால் கறந்த கடைசித் தலைமுறை அவருடையதுதான். இப்போது சட்டைப்பையில் இரண்டு செல்போன். நல்ல மனிதர். ஒரு மார்கழி காலையில் வந்து வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபிளாட் கட்டுறோம். தை பொறந்து மொத வெள்ளிக்கெழமை பூமி பூஜை. வியாழக்கெழமை மத்தியானத்துக்குள்ள எடம் காலியா இருக்கணும். கிரேன் வேணா நானே சொல்றேன்."

"கிரேன்ல தூக்கினு எங்க வைக்கிறது?" என்றார் கப்பல் பாய்.

அதுதான் கேள்வி. பதினெட்டு அடிக்கு இடம் தேடி நானும் அலைந்தேன். கடைசியில் எங்கள் முதலாளியைக் கேட்டேன். எங்கள் ஷெட்டின் ஓரத்தில் இடம் இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "ஓடுற வண்டின்னா நிறுத்திக்கட்டும். ஓடாத வண்டியை உள்ள விட்டா அது என் காலத்துக்கும் வெளிய போகாது. தானா ஓடி வந்தா எடம் உண்டு" என்றார். அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. சேலையூர் அனுபவம் எனக்குத் தெரியும்.

கண்ணாடி பாய் இதைக் கேட்டதும், "அப்போ வியாழக்கெழமை காயலான் கடைக்காரனுக்கு நான் சொல்லி வுடறேன்" என்றார்.

"சொல்லு. அதுக்குள்ள அது கேட்டைத் தாண்டி தானா போவலைன்னா, நானே அறுத்துக் குடுக்கறேன்." கப்பல் பாய் சொல்லிவிட்டார். தெரு கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

கையில் மூன்று வாரம் இருந்தது. நான் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். அறுபத்து நாலு வந்தது. முக்கியத்துவம், வரிசை, தேவையான கருவி என்று மூன்று பத்தி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் தாளைக் கேட்டேன். அதன் பின்பக்கத்தில் அளவு வரைந்து, வெட்டி, தலைவைக்கும் திண்டுக்கு மாதிரியாக்கியிருந்தார். "நல்ல தாளுமா. சுருங்கல" என்றார். இரண்டாவது பிரதியை நானே வைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்குகள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சிலிண்டர்களை எண்ணினார், எட்டு என்றதும் டீ குடிக்கப் போனார், வரவில்லை. ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாமவர் இன்ஜின் பார்க்க டிக்கியைத் திறந்தார். ஆக, பாயும் நானும்தான் மிச்சம். கண்ணாடி பாய் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

பாய் இன்ஜினுக்குச் செய்திருந்த வைத்தியம் அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அமெரிக்க வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. நம் ஊர் ஸ்பானர் மில்லிமீட்டர் கணக்கு. பதினாலாம் நம்பர் ஸ்பானர் ஒரு போல்ட்டில் ஏறவில்லை, ஒரு மயிரிழை குறை. வேறு யாராக இருந்தாலும் அங்குல ஸ்பானர் தேடியிருப்பார்கள். இவர் அரத்தை எடுத்து, போல்ட்டின் தலைகளைத் தேய்த்து, ஸ்பானருக்குப் பொருத்தமாக்கியிருந்தார். ஒன்றிரண்டு அல்ல. என் வெர்னியர் காலிபரால் அளந்து எண்ணினேன்: நாற்பத்து மூன்று போல்ட்.

"என்ன பாய் இது? தலையெல்லாம் உருண்டுபோச்சு. இனிமே எந்த ஸ்பானரும் பிடிக்காது."

"ஸ்பானரு புச்சு. போல்ட்டு பழசு. யாரு வுட்டுக்குடுக்கணும், நீயே சொல்லு."

"வுட்டுக்குடுக்கறதைப் பத்தி யாரு பேசறாங்க பாரு!" என்றார் ஸ்டூலில் இருந்தவர்.

வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினை உள்ளே இறக்கினோம். அணில் குடும்பத்தோடு வெளியேறியது. பெட்ரோல் வந்தது. பேட்டரி புதிது. தீப்பொறி வந்தது. செவ்வாய்க்கிழமை மாலையில் என் தாளில் அறுபத்து மூன்று வேலைகளுக்கு டிக் அடித்திருந்தேன். மிச்சம் ஒன்று: தீப்பொறியைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் எட்டு பிளக் வயர்.

வாசகர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. எட்டு சிலிண்டர். எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு குறிப்பிட்ட வரிசையில் வெடிக்க வேண்டும். அந்த வரிசைப்படி எட்டு வயரை ஒரு வட்ட மூடியில் உள்ள எட்டுத் துளைகளில் செருக வேண்டும். வரிசை மாறினால் இன்ஜின் ஓடாது, இருமும். மாடல் தெரிந்தால் வரிசையை இன்டர்நெட்டில் பார்த்துவிடலாம். 'அமெரிக்கா' என்று தேடிப் பார்த்தேன், பலனில்லை. இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம். ஆனால் மேல்மூடியின் போல்ட்டுகள் அந்த நாற்பத்து மூன்றில் அடக்கம்.

"கவலப்படாதம்மா. கழட்டுறப்பவே அடையாளம் வெச்சிட்டேன்" என்றார் பாய்.

ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்ன ரெக்ஸின் துண்டு. அதில் சிவப்பு நூலால் ஒரு பெயர். எண் போட்டால் எங்கிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும் என்பதால், தன் அப்பாவுக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பிறந்த வரிசையில் தைத்திருந்தார். "பொறந்த வரிசை மாறுமா?" மூடியில் வெள்ளைப் புள்ளி வைத்த துளையில் மூத்த அக்கா மைமூன். அங்கிருந்து கடிகாரச் சுற்றாக மற்றவர்கள். இவ்வளவு தெளிவான ஆவணத்தை நான் எங்கள் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை ஆரம்பித்தோம். நான் படித்தேன்.

"மைமூன்."

"அக்கா. புள்ளியில செருவு."

"அடுத்தது?"

"காதர் அண்ணன். அப்பால ஜொகரா."

மிச்சத் துண்டுகளைப் புரட்டினேன். இரண்டில் பெயரே இல்லை. ஒன்றில் 'நான்' என்றிருந்தது. இன்னொன்றில் 'அவன்' என்றிருந்தது.

"நாலாவது யாரு பாய்?"

பாய் இன்ஜினைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலாவது நானு. அஞ்சாவது அவன். எழுதிக்கோ."

"இன்ஜின்ல கூட முந்திக்கினான் பாரு" என்றார் கண்ணாடி பாய்.

அவர் சொன்னபடியே செருகினேன். பாய் 'பிஸ்மில்லா' சொல்லிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, இரண்டு விநாடி பிடித்தது, குலுங்கியது, 'டமார்' என்று கார்புரேட்டர் வழியாக ஒரு தீநாக்கை நீட்டிவிட்டு நின்றது. என் புருவத்தில் பாதி போயிற்று. மறுபடி. மறுபடி. புதன்கிழமை முழுக்க அது இருமியது. பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் குழாயை ஊதினேன், தீப்பொறி நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தினேன். என் தாளில் இருந்த அறுபத்து மூன்று டிக்கையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன். எல்லாம் சரி. கார் மட்டும் ஓடவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காயலான் கடை லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பால்கார அண்ணா மதிலோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டே இரண்டு வயர் இடம் மாறியிருந்தாலும் இப்படித்தான் இருமும்.

"பாய், ஒரு சந்தேகம். நாலையும் அஞ்சையும் மாத்திப் பாக்கலாமா?"

"வேணாம்."

"ரெண்டு நிமிஷ வேலை பாய்."

"வேணாங்கறேன்ல! தச்சவன் நானு, எனுக்குத் தெரியாதா?"

பழகிய இத்தனை நாளில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். உயர்த்திவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சரியான வரிசை எது என்று நேற்றிலிருந்தே அவருக்குத் தெரியும்.

"டேய், போய் டீ வாங்கியா" என்றார் கண்ணாடி பாயிடம்.

"இப்பத்தான் குட்ச்சேன்."

"பிஸ்கோத்து வாங்கியா."

"எனுக்கு சக்கரைடா."

"சும்மானாச்சும் போய்ட்டு வாயேன்டா!"

"எதுக்கு? உன் கப்பல் முழுவுறதைப் பாக்கத்தானே கடையைச் சாத்திட்டு வந்துக்கீறேன்." ஸ்டூலை இன்னும் ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேஸ் கட்டர்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். நீலத் தீ சீறியது. தொழில் மரியாதையோடு கேட்டார்: "பாய், முன்னாலேந்து அறுக்கவா, பின்னாலேந்தா? உள்ள சீட்டெல்லாம் பிரமாதமா கீது. வேணும்னா அத்த மட்டும் கழட்டிக்கோங்க."

கப்பல் பாய் சீட்டைப் பார்த்தார். மெரூன் பருத்தி, நாலாவது தையல். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு இன்ஜின்மேல் குனிந்தார். கண்ணாடி பாய்க்கு முதுகைக் காட்டி, அந்த அகலமான முதுகால் மூடியை மறைத்துக்கொண்டு, இரண்டு வயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். "லூசா கீது, அதான்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

எட்டு சிலிண்டரும் பிடித்தன. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? உறுமல் இல்லை. ஒரு பெரிய ஆள் நன்றாகத் தூங்கி எழுந்து, சாவகாசமாகத் தொண்டையைச் சரிசெய்வதுபோல இருந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பால்கார அண்ணா இரண்டு செல்போனிலும் யாருக்கோ அதைக் கேட்கவைத்தார். எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார்.

கண்ணாடி பாய் மட்டும் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு இன்ஜின்மேல் குனிந்தார். வெள்ளைப் புள்ளியிலிருந்து விரலால் எண்ணினார். அக்கா. காதர். ஜொகரா. நாலாவது துண்டில் விரல் நின்றது. அது 'அவன்'. அதற்கு அடுத்ததுதான் 'நான்'.

"எப்ப தச்சே இத?"

"வண்டி வந்தப்போ." கப்பல் பாய் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பவேவா?"

"கரண்ட் இல்லாதப்போ தச்சேன். மாறிப் பூட்ச்சு."

"நீயா? கண்ணக் கட்டிவுட்டாலும் கோணாம தைக்கிறவன்."

கண்ணாடி பாய் நிமிர்ந்தார். தோளில் கிடந்த துணியை எடுத்தார். ஒன்பது வருடமாகத் தொடாத அந்தக் காரின் முன்கண்ணாடியை மேலிருந்து கீழாக, ஓரம் ஓரமாகத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே கேஸ் கட்டர்காரரிடம், "யோவ், அத்த அணைச்சிட்டுக் கெளம்புய்யா. இன்னா வேடிக்கை இங்க?" என்றார்.

பால்கார அண்ணா ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "பாய், நீங்க ஒண்ணும் நெனைச்சுக்கக் கூடாது. எங்க எடத்துலேந்து போற வண்டி." சக்கரத்துக்கு ஒன்றாக நாலு வைத்தார்.

"பெரிய வண்டி. டிக்கியில ஸ்டெப்னி கீது, அதுக்கும் ஒண்ணு வைங்க" என்றார் கப்பல் பாய்.

பகல் பன்னிரண்டுக்குக் கார் கேட்டைத் தாண்டி, திருமுடிவாக்கத்தில் எங்கள் கம்பெனி ஷெட்டை நோக்கிக் கிளம்பியது. தானாகத்தான். கேம்ப் ரோட்டில் பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. மரியாதை பாதி, அகலம் பாதி. இடது பக்கம் ஸ்டீயரிங் பிடித்துக் கப்பல் பாய். வலது பக்கம், வழக்கமாக டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி பாய். அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவராகத்தான் ஏறினார். பின்சீட்டில் நானும் என் தாளும். இரண்டு பேரும் தாம்பரம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போடாமல் அவர்களை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

பல்லாவரத்தில் பம்மலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சுற்றி வந்து வலது பக்கக் கதவருகே குனிந்தார். கண்ணாடி பாயைப் பார்த்து, "லைசென்ஸ் எடுங்க" என்றார். அப்புறம்தான் அவர் முன்னால் ஸ்டீயரிங் இல்லாததைக் கவனித்தார்.

"வண்டியை யாருய்யா ஓட்டுறது?"

கண்ணாடி பாய் மடியில் இருந்த கையை எடுத்து, மரியாதையாக இடது பக்கம் காட்டினார்.

"பெரியவரு ஓட்டுறாரு சார். எங்க அண்ணன்."

போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்தார், காரை ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். கப்பல் பாய் முதல் கியர் போட்டுக் கிளப்பினார். இரண்டாவது கியர் போட்டார். அதற்குப் பிறகு கியரை மறந்துவிட்டார். முன்னால் சாலை காலியாகத்தான் இருந்தது. பம்மல் போயிற்று, அனகாபுத்தூர் போயிற்று, பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போயின. இரண்டாவது கியரிலேயே, மணிக்கு இருபது கிலோமீட்டரில், அண்ணன்கள் இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

என் தாளில் கியர் மாற்றுவது பற்றித் தனியாக ஒரு குறிப்பு இருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை.